ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிய காலை

என் வீட்டுக்காரர் எங்கள் ஊர்ச் சுரங்கத்தில், ஷாஃப்ட் என்கிற ஆழக் குழியின் வாயிலில் மணி அடிக்கிற வேலை பார்த்தவர். ஆட்களை ஏற்றி இறக்குகிற கூண்டை கேஜ் என்பார்கள். கேஜ் ஓடும்போது ஒரு மணி கேட்டால் உடனே நிறுத்தவேண்டும். யார் அடித்தது, எதற்கு அடித்தது என்பதெல்லாம் நின்ற பிறகுதான். இந்தச் சட்டத்தை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். குழம்பில் உப்புப் போடப் போவேன், "நில்லு" என்பார். கை அப்படியே நிற்கவேண்டும். நின்ற பிறகு பார்த்தால் மனிதர் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். சட்டம் மட்டும் என்னோடு குடித்தனம் நடத்துகிறது.

என் மருமகளுக்கு பெங்களூர் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. அப்போது ஆறு மாசம் முழுகாமல் இருந்தாள். விடியற்காலை ரயிலில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு போகிற கூட்டத்தில் அந்த வயிற்றோடு போக முடியாது என்று வீட்டிலிருந்தே வேலை செய்தாள். அந்த நேரம் பார்த்துப் புது ஆபீசர் வந்தார். ஒரு வாரம் பார்ப்பேன், வீட்டில் கரண்ட்டும் நெட்டும் ஒழுங்காக இருந்தால் பிரசவம் வரைக்கும் அங்கேயே இரு, இல்லாவிட்டால் திங்கட்கிழமை ரயில் ஏறு என்று சொல்லிவிட்டாராம். சத்தம் போடவேண்டாம் என்று மருமகள் கேட்டுக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க மிக்ஸியைத் தொடாமல் அம்மியில் அரைத்தேன். வயிற்றில் இருப்பது என் பேரப்பிள்ளை, கை வலித்தால் வலிக்கட்டும்.

அதே வாரம் பென்ஷன் வாங்கப் போனபோது பேங்க்கில் ஒரு பெண் எங்களை உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள். தெரியாதவன் போனில் வருவான், அவசரப்படுத்துவான், எதையாவது இன்ஸ்டால் பண்ணு என்பான், பாஸ்வேர்ட் போடு என்பான், எஸ் அழுத்து என்பான், உடனே கட் பண்ணிவிடுங்கள் என்றாள். எங்கள் ஊரிலேயே பாலகாட் பக்கம் ஒரு பெரியவர் இப்படித்தான் ஏமாந்தாராம். மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்கு முதல்முறையாக ஒரு பாடம் முழுசாக மனப்பாடம் ஆனது.

புதன்கிழமை காலை அறை வாசலில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். மருமகள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. பாதி கன்னடம், பாதி தமிழில் ஓர் ஆண் குரல். அவள் ஆபீஸ் குரல்கள் எல்லாம் எனக்குத் தெரியும். இது தெரியாத குரல்.

ஏதோ ஒரு லைப்ரரியை சர்வரில் இன்ஸ்டால் பண்ணச் சொன்னது குரல். என் கத்தி நின்றது. சர்வர் என்றால் எங்கேயோ இருக்கிற கம்ப்யூட்டர், இங்கிருந்து கயிறு கட்டி ஆட்டுகிற மாதிரி என்று அவள் முன்பே சொல்லியிருக்கிறாள். லைப்ரரி என்பது வேறு யாரோ எழுதிவைத்த வேலை, எடுத்து நம் வேலையோடு சேர்த்துக்கொள்ளலாமாம். யார் எழுதினது என்று கேட்டதற்கு "யாரோ, அத்தே" என்றாள். அந்த யாரோவை நான் மறக்கவில்லை.

திரை கறுப்பு, எழுத்து வெள்ளை. பாஸ்வேர்ட் போடுங்கள் என்றது குரல். அவள் பத்து எழுத்தாவது தட்டியிருப்பாள், திரையில் ஒன்றுகூட விழவில்லை. கோயில் உண்டியலில் போட்டால்கூட டங்கென்று சத்தம் வரும்.

"எஸ்ஸா நோவான்னு கேக்குதா மேடம்? எஸ் குடுங்க, சீக்கிரம்."

கொடுத்துவிட்டாள். வெள்ளை வரிகள் மடமடவென்று ஓட ஆரம்பித்தன. யார் யாருடைய சரக்கோ உள்ளே இறங்குகிறது என்று எனக்குப் பட்டது. "யம்மா, நிறுத்து" என்றேன். திரும்பாமலே கையைத் தூக்கி, சும்மா இரு என்று காட்டினாள். மணி அடித்தாயிற்று, கேஜ் நிற்கவில்லை. எழுந்துபோய் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினேன்.

ஃபேன் நின்றது. அவள் கம்ப்யூட்டர் நிற்கவில்லை, அதற்குள் பேட்டரி இருக்கிறதாம், அது ஒரு ஏமாற்று. ஆனால் சுவரில் கண் சிமிட்டுகிற நெட் பெட்டி செத்துப்போனது. வெள்ளை வரிகள் நடுவழியில் நின்றன. பிடுங்கின பல்லைப் பிடித்த மாதிரி கட்டையோடு வந்து நின்றேன்.

"அத்தே, இன்னா பண்ணீங்க?"

"போன வைம்மா. அவன் திருட்டுப்பய."

"எங்க புது ஆபீசர் அத்தே அவரு."

நெட் போனாலும் போன் போகவில்லை. ஸ்பீக்கரில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. மருமகள் முகத்தைப் பார்த்தேன். என்மேல் கோபம் இல்லை அது. திங்கட்கிழமை ரயில் அந்த முகத்தில் வந்து நின்றிருந்தது.

உங்கள் ஊரில் கரண்ட் இப்படித்தான் போகுமா என்று கேட்டார் ஆபீசர். ஆமாம் என்றால் ரயில். இல்லை என்றால் மாமியாரைக் காட்டிக்கொடுக்கவேண்டும். காட்டிக்கொடு என்று நானே கண்ணைக் காட்டினேன்.

"கரண்ட் போவல சார். எங்க அத்த ஃபியூஸ புடுங்கிட்டாங்க. உங்கள திருடன்னு நெனச்சிட்டாங்க."

போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார். ஏன் அப்படி நினைத்தீர்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

"எங்க ஊர்ல அவசரமா எஸ் சொல்லு, எஸ் சொல்லுன்றவங்க ரெண்டே பேருதான் சார். ஓட்டு கேக்க வர்றவரு, ஏமாத்த வர்றவரு. எலெக்ஷன் இல்லையே இப்போ?"

அவர் சிரிக்கவில்லை. கட்டையைத் திரும்ப மாட்டுங்கள் என்றார். மாட்டினேன். நெட் பெட்டி சிவப்பு, பச்சை என்று காட்டிவிட்டு மெதுவாகக் கண் திறந்தது. அங்கே வேலை பாதியில் அறுந்து கிடந்தது. பாதி இறங்கினதைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து செய்தாள் மருமகள். பீன்ஸ் வெந்து இறக்குகிற வரைக்கும் ஆனது. அதுவரைக்கும் நான் மூச்சுவிட்டதுகூட அவருக்குக் கேட்டிருக்காது.

சாயங்காலம் அவரிடமிருந்து செய்தி வந்தது. மருமகள் படித்துச் சொன்னாள். கோளாறு கரண்ட்டிலும் இல்லை, நெட்டிலும் இல்லை, அதனால் பிரசவம் வரைக்கும் வீட்டிலேயே இருக்கலாம். ஒரே நிபந்தனை, ஃபியூஸ் பெட்டிக்குப் பூட்டுப் போட்டு, சாவியை அவளே வைத்துக்கொள்ளவேண்டும். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் கொஞ்சம் அழுதுவைத்தேன்.

பூட்டும் வந்துவிட்டது. எனக்குத்தான் மனசு ஆறவில்லை. திருடன் என்று சொன்ன வீட்டுக்கு அன்றைக்கே நல்லது செய்கிற ஆபீசரை இந்த வயது வரைக்கும் நான் பார்த்ததில்லை. அந்த ஆள்மேல் எனக்கு இன்னும் சந்தேகம்தான்.