பத்து மொனிற்றரும் நான் சொன்ன எழுபத்தைந்தும்

1. டிலானி அழுத்திய பட்டன்

குருநகரில் அன்ரனின் கேமிங் கடை திறந்த சனிக்கிழமை. பங்குத் தந்தை தெளித்த தீர்த்தம் மேசைகளில் இன்னும் காயவில்லை. பத்துக் கொம்பியூட்டர்களிலும் ஆட்கள் இருந்து கேமைத் தொடங்கிவிட்டார்கள். அவ்வளவையும் பொருத்திப் பூட்டிக் கொடுத்தவன் நான் என்பதால், கையில் ஒரு கேக் துண்டோடு, மாப்பிள்ளையின் தகப்பனைப் போல நடுவில் நின்றேன்.

மூன்றாவது மேசையில் டிலானி இருந்தாள். இணுவிலிலிருந்து வந்த ஐந்து பேர் அணிக்கு அவள்தான் தலைவி; மற்ற ஐந்து மேசையிலும் அவர்களுக்கு எதிர் அணி. வாராவாரம் பயிற்சிக்கு இந்தக் கடையை எடுப்பதா வேண்டாமா என்று பார்க்க வந்திருந்தாள். விளையாட்டின் நடுவே மொனிற்றரின் அடியில் கையை விட்டு ஒரு பட்டனை அழுத்தினாள். திரையின் மூலையில் 60 என்று வந்தது.

"அண்ணை, உது அறுபதிலையெல்லே ஓடுது?"

வாசலில் தொங்கிய ஃபிளெக்ஸில் '75 ஹேர்ட்ஸ்' என்று ஆள் உயர எழுத்தில் இருந்தது. அதை எழுதச் சொன்ன மகானும் நான்தான்.

2. அந்த மகானின் வாய்

மானிப்பாயில் ஒரு கொம்பியூட்டர் கடையில் இருபது வருடத்துக்கு மேலாகத் திருத்த வேலை செய்கிறேன். எங்கள் முதலாளி ஒருமுறை கொழும்பிலிருந்து கந்தோர்களில் பாவித்துக் கழித்த பழைய மொனிற்றர்களை மொத்தமாக வாங்கி வந்தார். எல்லாம் அறுபது ஹேர்ட்ஸ். அதாவது ஒரு செக்கனுக்கு அறுபது தரம்தான் படத்தைப் புதுப்பிக்கும். கேம் விளையாடுகிறவர்களுக்கு அது போதாது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் சும்மா இருந்திருக்கலாம்.

"முதலாளி, உதுகளை ஓவர்குளொக் பண்ணி எழுபத்தஞ்சுக்கு ஏத்தலாம்."

"எரிஞ்சு போகாதே?"

"ஆர் ஏத்திறது எண்டு பாருங்கோ."

அந்த வாரமே அன்ரன் வந்தான். தகப்பனோடு கடலுக்குப் போய் வந்தவன், வள்ளத்தையும் எஞ்சினையும் விற்று இந்தக் கடையைப் போடுகிறான். அவன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"குலம் அண்ணை, ஃபிளெக்ஸிலை எழுபத்தஞ்சு எண்டு அடிச்சா வெக்கப்பட வேண்டி வராதே?"

"தாராளமா அடியும் தம்பி. நான் பொறுப்பு."

ஏற்றுவது பெரிய வித்தையில்லை. கிராஃபிக்ஸ் கார்டின் மென்பொருளுக்குள் போய்ப் புதிதாக ஓர் அளவை எழுதிச் சேமித்தால், திரை ஒருதரம் கறுத்துத் திரும்பி வரும். திரும்பி வந்தால் ஏறிவிட்டது. பத்தும் திரும்பி வந்தன. டெஸ்க்டொப்பில் மௌஸை இங்கும் அங்கும் இழுத்துப் பார்த்து, "என்ன வழுக்கு!" என்று நானே எனக்குச் சான்றிதழ் கொடுத்தேன். கேம் ஒன்றையும் திறந்து பார்க்கவில்லை.

அன்ரனுக்குக் கிடைத்த கிராஃபிக்ஸ் கார்டுகள் பழையவை. கேம் இழுத்து இழுத்து ஓடுகிறது என்று ஃபோனில் சொன்னான். அதற்கும் என்னிடம் மருந்து இருந்தது. "கேமுக்குள்ளை போய் ரெசலூஷனைக் குறைச்சு விடும், படத்திலை புள்ளி குறையும், பறக்கும்" என்றேன். அவனும் பத்திலும் குறைத்து வைத்தான்.

3. வள்ளமில்லை

டிலானியின் கேள்விக்கு நான் முதலில் கேபிளைக் குற்றம் சொன்னேன். கேபிளை மாற்றினேன். அறுபது. அடுத்ததாக டிலானியையே குற்றம் சொன்னேன்.

"தங்கச்சி, கேமின்ரை மூலையிலை தொண்ணூறு எண்டு காட்டுதே, கண் தெரியேல்லையே?"

"அது கேம் செக்கனுக்குச் செய்து தள்ளுற ஃபிரேம் அண்ணை. மொனிற்றர் அதிலை அறுபதைத்தானே காட்டுது."

உண்மை. இதே விளக்கத்தை நான் எத்தனையோ வாடிக்கையாளருக்குச் சொல்லியிருக்கிறேன், அதுவும் கொஞ்சம் இளக்காரமாக.

மற்றவர்களும் தங்கள் மொனிற்றர்களின் அடியில் தடவத் தொடங்கினார்கள். அறுபது, அறுபது என்று மேசைக்கு மேசை குரல் கேட்டது. எதிர் அணிப் பெடியன் ஒருவன் எழும்பிப் பையை எடுத்தான். அன்ரன் சத்தம் போடவில்லை. கிட்ட வந்து மெதுவாகச் சொன்னான்.

"அண்ணை, திரும்பிப் போக என்னட்டை வள்ளமில்லை."

அவன் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். இவ்வளவு காலத்தில் ஒரு வேலைக்காக நான் அப்படிப் பயந்ததில்லை.

கேமை மூடினேன். டெஸ்க்டொப்பில் பட்டனை அழுத்தினேன்: 75. கேமைத் திறந்தேன்: 60. மூடினேன்: 75. மூன்றாம் தரம்தான் மண்டையில் ஏறியது. நான் எழுபத்தைந்தை எழுதி வைத்தது முழு ரெசலூஷனுக்கு மட்டும். கேம் சின்ன ரெசலூஷனுக்கு மாறியதும், அங்கே நான் எழுதியது ஒன்றும் இல்லாததால் மொனிற்றர் தன் பழைய அறுபதுக்குப் போய்விட்டது. வலது கையால் நான் ஏற்றியதை இடது கையால் நானே இறக்கி வைத்திருக்கிறேன். இரண்டு புத்திமதியும் என்னுடையவை.

"கண்டுபிடிச்சிட்டன்! சின்ன ரெசலூஷனுக்கும் எழுபத்தஞ்சை எழுதோணும்" என்று கத்தினேன். பையை எடுத்தவன் நின்றான். பத்துக்கும் எழுதினேன். ஏழு ஏறின. முழு ரெசலூஷனில் ஏறிய மூன்று இங்கே கறுத்தன. கறுத்தவை தாமாகத் திரும்பி வரவேயில்லை.

அந்த மூன்றையும் நிற்பாட்டிப் போட்டுப் பழைய அறுபதுக்குக் கொண்டு வந்து, எழுபத்துநாலு, எழுபத்துமூன்று என்று இறங்கினேன். பின்னால் நின்ற பெடியள் மீன் ஏலம் போலக் கூட்டமாகக் கத்தினார்கள். எழுபதில் மூன்றும் கண் திறந்தன.

அத்தோடு திருந்தியிருக்க வேண்டும். நான் அன்ரனின் காதில் குசுகுசுத்தேன். "இந்த மூண்டையும் எழுபதிலை விடுவம். ஒருத்தருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும் அண்ணை" என்றாள் பின்னால் நின்ற டிலானி.

கடை முழுக்கச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "ஒருத்தர் குறைஞ்சதிலை இருந்து விளையாடினா அது போட்டியில்லை. எங்களுக்கு எழுபத்தஞ்சு வேண்டாம். பத்தும் ஒண்டா ஓடினாப் போதும்."

அன்ரன் என்னைப் பார்த்தான். பிறகு ஒரு கறுப்பு மார்க்கரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்க் கதிரையில் ஏறி, எல்லோரும் பார்க்க, ஃபிளெக்ஸில் இருந்த ஐந்தைப் பூச்சியமாக்கினான். நான் உள்ளே பத்தையும் எழுபதில் வைத்து, ஒவ்வொன்றிலும் கேமைத் திறந்து, பட்டனை அழுத்தி, இருந்தவர்களுக்குக் காட்டினேன். பத்தாவதைக் காட்டி முடித்தபோது என் சேர்ட் வியர்வையில் தோய்ந்திருந்தது. பையை எடுத்தவன் பையைக் கீழே வைத்தான். ஆட்டம் தொடங்கியது.

4. வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு

டெஸ்க்டொப்பில் பார்த்துவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லாதீர்கள். வாடிக்கையாளர் என்ன கேம், எந்த ரெசலூஷனில் விளையாடுகிறார் என்று கேளுங்கள். அந்தக் கேம் ஓடும்போதே மொனிற்றரின் பட்டனை அழுத்திப் பாருங்கள். பாவிக்கிற ஒவ்வொரு ரெசலூஷனுக்கும் தனித்தனியாக எழுதுங்கள். பல மொனிற்றர் என்றால், ஆகக் குறைவாக ஏறுகிறது எதுவோ அதுதான் உங்கள் கணக்கு. எத்தனை ஹேர்ட்ஸ் என்பதை அதற்குப் பிறகு சொல்லுங்கள்.

இதையெல்லாம் முதலாளி ஒரே வசனத்தில் எனக்குச் சொல்லிவிட்டார். "குலம், இனி நீர் வாயாலை ஒண்டையும் ஏத்தாதையும்."

டிலானியின் அணி இப்போதும் சனிக்கிழமைகளில் அங்கேதான். அன்ரன் இன்னும் ஐந்து மேசை போட்டுவிட்டான். ஃபிளெக்ஸை மாற்றச் சொன்னால் மாட்டேன் என்கிறான். மிச்ச ஐந்து ஹேர்ட்ஸ் எங்கே என்று கேட்டு இதுவரை ஒருவரும் வரவில்லை.