பல்லுச்சக்கரத்துக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டு வளவில் நின்ற மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு முதலாளிகள். இடப்பக்கம் அப்பாவுடையது, வலப்பக்கம் மாமாவுடையது என்று நான் நினைத்திருந்தேன். அந்தப் பங்குனிக் கடைசியில் அவர்கள் அப்படித்தான் குந்தியிருந்தார்கள். பின்சில்லுக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். கம்பிகளுக்குள்ளால் காற்றுப் போனது, வெயில் போனது, கோழிக்குஞ்சு கூட ஒருமுறை போனது. ஒரு சொல் மட்டும் போகவில்லை.

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுப் போனபோது கழித்துவிட்டுப்போன வண்டி அது. மட்காட்டைக் கழற்றி, விளக்கைக் கழற்றி, எலும்பும் தோலுமாக்கி, இருவருமாக அதை 'றயல்' வண்டியாக மாற்றியிருந்தார்கள். றயல் என்றால் வேகம் இல்லை. கன்னியாப் பக்கத்துக் கற்பாறை மேட்டில், நடக்கிறவனே வழுக்கி விழுகிற இடத்தில், ஆமை மாதிரி ஊர்ந்து ஏறி இறங்கவேண்டும். கால் நிலத்தில் படக்கூடாது, அவ்வளவுதான். பொங்கலுக்கும் வருஷப்பிறப்புக்கும் ஊர் இளந்தாரிகள் கூடிப் போட்டி வைப்பார்கள். ஓடுவது அம்மாவின் தம்பியான மாமா. பாறையடியில் நின்று, கால் பட்டால் கை உயர்த்துவது அப்பா.

அந்தத் தைப்பொங்கலுக்கு அப்பா கை உயர்த்திவிட்டார். மச்சான் என்றும் பாராமல், ஊர் முழுக்கப் பார்க்க. கால் பட்டது என்றார். பட்டது கால் இல்லை, சப்பாத்து நாடா என்றார் மாமா. காலா நாடாவா என்று பாறையில் தொடங்கியது, பஸ்ஸில் தொடர்ந்து, எங்கள் வாசற்படியில் வந்து முடிந்தது. அன்றிலிருந்து மாமா அந்தப் படி ஏறவில்லை. ஆனால் வண்டி எங்கள் ஈரப்பலா மரத்தடியில் நின்றதே. அதனால் மூதூர் லாஞ்சில் எஞ்சின் பார்க்கிற மாமா, பின்னேரம் லாஞ்சு கரைக்கு வந்ததும் படலையைத் திறந்துகொண்டு நேரே மரத்தடிக்கு வருவார். அம்மா தேத்தண்ணியை என்னிடம் கொடுத்துவிடுவாள். நின்றபடி குடித்து, கோப்பையை வேலிக் கட்டையில் கவிழ்ப்பார். அம்மா குசினி யன்னலால் பார்த்துக்கொண்டிருப்பாள். வருஷப்பிறப்புச் சோற்றுக்கு வா என்று கூப்பிட அவளுக்கு வாய் உன்னியது. வரமாட்டேன் என்ற பதிலைக் கேட்கத்தான் காது இல்லை.

அந்த நேரத்தில்தான் வண்டிக்குச் செயின் நோய் பிடித்தது.

சில்லைக் கையால் மெல்லச் சுற்றினால் ஒரு இடத்தில் செயின் வீணைத் தந்தி மாதிரி விறைக்கும். இன்னும் கொஞ்சம் சுற்றினால் நனைந்த கொடிக்கயிறு மாதிரித் தொங்கும். விறைத்த இடத்துக்கு ஏற்ப இளக்கினால் தொங்குகிற இடம் பல்லைவிட்டுக் கழன்றது. தொங்குகிற இடத்துக்கு ஏற்ப இழுத்தால் விறைக்கிற இடம் முறுகி அழுதது. வேகமாக ஓடுகிற வண்டிக்கு இது பெரிய விஷயமில்லை என்பார்கள். பாறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊர்கிறவனை, விறைத்த இடம் வந்ததும் ஒரு வெட்டு வெட்டிச் சரிக்கும். சரிந்தால் கால்.

செயின் அப்பா கடைத்தெருவில் வாங்கிப் போட்டது. பின்சில்லில் இருந்த பெரிய பல்லுச்சக்கரம் மாமா பட்டறையில் கடைந்து பூட்டியது. ஆகவே அப்பாவின் முடிவுப்படி பிழை பல்லுச்சக்கரத்தில், மாமாவின் முடிவுப்படி செயினில். இந்த இரண்டு முடிவுகளும் என் வழியாகப் பயணம் செய்தன.

"சக்கரம் நடுவில நிக்கேல்லையெண்டு கொம்மானிட்டச் சொல்லு."

"செயின் ஒரு பக்கம் இழுபட்டுப் போச்சாம் எண்டு கொப்பரிட்டச் சொல்லு."

உன் மாமன் என்பது எங்கள் பக்கத்தில் கொம்மான். உன் அப்பா என்பது கொப்பர். மூன்று முழ இடைவெளியில் இருந்த இருவரும் ஒருவருக்கொருவர் என் சொந்தக்காரராக மட்டுமே இருந்தார்கள். நான் அங்கே திரும்பிச் சொல்வேன், இங்கே திரும்பிச் சொல்வேன். பாதியில் ஒரு தும்மல் வந்தால் இருவரும் பொறுமையாகக் காத்திருப்பார்கள்.

சோதனைக்கு வழி சொன்னதும் அப்படித்தான். விறைக்கிற நேரத்தில் செயின் ஏறியிருக்கிற பல்லில் ஒரு அடையாளம் வைக்கவேண்டும். பிறகு சில்லைச் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும். அடையாளம் அதே இடத்துக்கு வரும்போதெல்லாம் விறைத்தால் பிழை சக்கரத்தில். அடையாளம் ஒருபக்கம், விறைப்பு இன்னொருபக்கம் என்று அலைந்தால் பிழை செயினில். இதில் இருவருக்கும் சம்மதம். விறைக்கிறதா தொங்குகிறதா என்று தொட்டுச் சொல்வது யாருடைய விரல் என்பதில்தான் சம்மதம் இல்லை. கடைசியில் என் விரல் தெரிவானது. செயினுக்குக் கீழே சுட்டுவிரலை வைத்து, மேலே தள்ளி, "இளக்கம்… இளக்கம்… இறுக்கம்" என்று நான் சொல்லவேண்டும். பள்ளிக்கூடத்தில் கூட யாரும் என் சொல்லை இவ்வளவு உன்னிப்பாகக் கேட்டதில்லை.

அடையாளத்துக்கு என்ன வைப்பது? சுண்ணாம்பு கிறீஸில் ஒட்டவில்லை. அம்மாவிடம் கேட்டேன். சிமிழிலிருந்து குங்குமத்தை ஒரு சிரட்டையில் தட்டி, தேங்காயெண்ணெய் விட்டுக் குழைத்துத் தந்தாள். சிரட்டைக்குள் ஒரு குச்சியைத் தோய்த்து, விறைத்த இடத்துப் பல்லுக்கு நான் பொட்டு வைத்தேன். கோணலாக, வால் முளைத்த பொட்டு. அதற்குள் மைம்மல் இருட்டு இறங்கிவிட்டது. விளக்கு வெளிச்சத்தில் சொல்லும் தீர்ப்புச் செல்லாது என்பதில் இருவருக்கும் அதிசயமான ஒற்றுமை.

மறுநாள் பார்த்தோம். பொட்டு வந்தது, என் விரலுக்குக் கீழே செயின் விறைத்தது. மீண்டும் வந்தது, மீண்டும் விறைத்தது. அப்பா மீசையை முறுக்கினார். மாமாவின் முகம் கறுத்துவிட்டது. நாளைக்கும் ஒருக்கால் பார்க்கவேணும் என்றார், நிலம் சரிவாகக் கிடக்கிறது என்றார், பிறகு எழுந்து கையைத் துடைத்தார்.

"நாளைக்கும் இதுதான் எண்டால் நான் என்ர சக்கரத்தைக் கழட்டிக்கொண்டு போறன் எண்டு கொப்பரிட்டச் சொல்லு. பிறகு இந்தப் படலைக்குள்ள எனக்கென்ன வேலை?"

குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

அடுத்த பின்னேரம் அதிசயம் நடந்தது. பொட்டு வந்தது, என் விரலுக்குக் கீழே செயின் தொங்கியது. நன்றாகத் தள்ளிப் பார்த்தேன். இளக்கம் என்றேன். அப்பா என்னைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார், வேறு விரலால் தொட்டுப் பார் என்றார். வேறு விரலுக்கும் இளக்கம்தான். மாமா உதட்டைக் குவித்துச் சீக்காயடிக்கத் தொடங்கினார். தன் செயினுக்கு வந்த பழியை அப்பாவால் தாங்க ஏலவில்லை. நாளைக்கும் செயின்தான் பிழை என்று வந்தால் வண்டியையே விற்றுவிடப்போவதாகக் கொம்மானிடம் சொல்லச் சொன்னார். இருட்டுப்படுகுது, நாளைக்குப் பாருங்கோ என்று அம்மா யன்னலால் கூப்பிட்டாள்.

நாளைக்கு என்பது வருஷப்பிறப்புக்கு முதல்நாள். பொட்டு வந்தது. அது விறைக்கிற இடத்திலும் இல்லை, தொங்குகிற இடத்திலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே, யாருக்கும் உதவாத ஒரு பல்லில் இருந்தது. வாலும் இல்லை. கோணலும் இல்லை. அச்சில் வார்த்த மாதிரி வட்டம்.

அப்பா தலையைக் கம்பிகளுக்கு அருகே கொண்டுவந்தார். அந்தப் பக்கத்தால் மாமாவும் கொண்டுவந்தார். இரண்டு நெற்றியும் ஏறக்குறைய முட்டின.

"மச்சான், இரவில வந்து பொட்டை மாத்தினது நீரோ?"

"நானோ? அத்தான், மாத்துறதெண்டால் எனக்கு வெல்லுற இடத்திலயல்லோ வைப்பன். இது உங்கட வேலை."

"எனக்கும் வெல்லாத இடத்தில நான் ஏன் வைக்க?"

"அப்ப ஆர், மானோ?" ஊருக்குள் மேய்கிற கோட்டை மான்களில் ஒன்று வேலியோரம் நின்று ஈரப்பலா இலையை மென்றுகொண்டிருந்தது.

நான் இரண்டு பக்கமும் திரும்பிச் சொல்ல வாயைத் திறந்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு வேலை போய்விட்டது. அவர்கள் நேருக்கு நேர் கத்திக்கொண்டிருந்தார்கள். மச்சான், அத்தான், அத்தான், மச்சான். பொட்டில் தொடங்கி, சப்பாத்து நாடாவுக்குப் போய், நாடா முதலில் பட்டதென்றும் கால் பிறகு பட்டதென்றும் ஒரு சமாதானத்துக்கு வந்து, திரும்பிச் செயினுக்கு வந்தார்கள். சக்கரத்தின் ஆணிகளை இளக்கி, சில்லைச் சுற்றிச் சுற்றி, விறைக்கிற பக்கத்தை மரக்கட்டையால் மெல்லத் தட்டி, நடுவுக்குக் கொண்டுவந்து பூட்டினார் மாமா. நூல் பிடித்து அளந்து, செயினும் கொஞ்சம் இழுபட்டுத்தான் கிடக்கிறது என்று தாமாகவே ஒப்புக்கொண்டார் அப்பா. அம்மா அன்றைக்கு இருட்டுப்படுகுது என்று கூப்பிடவில்லை. தானே லாந்தரைக் கொண்டுவந்து பிடித்தாள்.

விடிந்ததும் வருஷம் பிறந்தது. மருத்துநீர் வைத்துத் தலை முழுகி, புது உடுப்புப் போட்டு நான் நிற்கிறேன். மாமா வாசற்படி ஏறி வருகிறார். வெறுங்கால். பின்னேரப் போட்டிக்கும் சப்பாத்துப் போடமாட்டாராம், இனி நாடா என்ற கதையே இல்லையாம். அப்பா கதிரையை இழுத்துப் போட்டார். அம்மா சிமிழைத் திறந்து என் நெற்றியில் பொட்டு வைத்தாள், தானும் வைத்துக்கொண்டாள்.

மாமா என் நெற்றியைப் பார்த்தார். பிறகு தமக்கையின் நெற்றியில் அதே அச்சு வட்டத்தைப் பார்த்தார். பிறகு அப்பாவின் பக்கம் கண்ணைத் திருப்பினார். இருவரும் ஒரே நேரத்தில் சிரிக்கத் தொடங்கி, அப்பாவுக்குப் புரையேறி, மாமா அவர் முதுகில் தட்ட, அம்மா ஒன்றும் தெரியாதவள் போலச் சோறு போடக் குசினிக்குள் போய்விட்டாள். நான் அலுமாரிக் கண்ணாடிக்கு ஓடினேன். என் பொட்டு கறுப்புக் கரை கட்டியிருந்தது. கிறீஸ். மணந்தும் பார்த்தேன், செயின் வாசமேதான்.

ஊத்தை விரலோடு சிமிழைத் தொட்டுக் குங்குமத்தைப் பழுதாக்கியது நான்தான், நல்ல நாளும் அதுவுமாய் ஏச்சு விழப்போகிறது என்று சாப்பிட்டு முடியும்வரை தலை நிமிராமல் இருந்தேன். அம்மா ஏசவில்லை. எனக்கு இரண்டு பங்கு பாயாசம் விட்டாள். அவளை ஏமாற்றிவிட்டேன் என்ற சந்தோஷத்தில் குடித்தேன். சிரட்டையில் தட்டித் தந்தது அம்மா, நான் தொட்டது குச்சியை, சிமிழுக்குள் என் விரல் ஒருநாளும் போகவேயில்லை என்பது அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை.