அக்கா கீழதான் இருக்காங்க

சட்டை தைக்கும் அந்தக் கம்பெனியின் நாலாம் மாடியில் அவளுக்குப் பட்டன் அக்கா என்று பெயர். தைத்து வரும் சட்டைகளில் பட்டன் கெட்டியாகப் பிடித்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பது அவள் வேலை. நின்றுகொண்டேதான் பார்க்க வேண்டும். உட்கார்ந்து பார்த்தால் பட்டன் கோபித்துக்கொள்ளும் என்று பெரிய படிப்புப் படித்த யாரோ கண்டுபிடித்திருந்தார்கள் போலிருக்கிறது, அந்தப் பக்கம் ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. வருஷக்கணக்காக நின்றதில் பட்டன்கள் எல்லாம் உறுதியாக இருந்தன. அவளுடைய முட்டிகள்தான் வீங்கிப்போயின.

படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்து ஒரு காலை வைப்பாள். மற்றக் காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்ப்பாள். "ஆண்டவனே" என்பாள். அப்புறம்தான் அடுத்த படி. அந்த மாடிப்படியில் கடவுள் பெயர் ஒலித்த அளவுக்கு வேறெங்கும் ஒலித்திருக்காது. லிஃப்ட் இருந்தது, ஆனால் அது சரக்குக்கு. பாவம், சட்டைகளுக்கு முட்டி வலிக்கும் அல்லவா?

சரக்கு வேன் ஓட்டும் அவள் புருஷன் தினமும் ராத்திரி காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டு, "வேலைய விட்டுடும்மா" என்பார். அடுத்த மூச்சிலேயே, "நாளைக்கு எப்ப எழுப்பணும்?" என்றும் கேட்டுக்கொள்வார். நல்ல மனுஷன்.

கம்பெனியில் வருஷா வருஷம் தீயணைப்பு ஒத்திகை நடக்கும். எந்த மாடி ஆட்கள் சீக்கிரம் இறங்குகிறார்களோ அந்த மாடிக்கு ஒரு கேடயம். நாளும் நேரமும் ஒரு வாரத்துக்கு முன்பே சொல்லிவிடுவார்கள். அன்று காலையிலேயே எல்லோரும் செருப்பு வாரை இறுக்கி, பையைத் தோளில் மாட்டி, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பார்கள். மணி அடித்தால் பிய்த்துக்கொண்டு ஓடுவார்கள்.

நாலாம் மாடி மட்டும் கடைசியில்தான் வரும். மாடிப்படியில் இரண்டு பேர் சேர்ந்து இறங்கலாம். ஆனால் பாதிப் படியை அட்டைப்பெட்டிகள் அடைத்துக்கொண்டிருந்ததால் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். முன்னால் பட்டன் அக்கா போனால் பின்னால் ஒரு மாடியே நின்று அவள் பின்னலை ரசித்தபடி இறங்கும். பெட்டிகளை நகர்த்தலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. அக்காவை நகர்த்தலாம் என்று சூப்பர்வைசருக்குத் தோன்றியது.

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன் அக்கா. ஒத்திகை அன்னைக்கு நீங்க கீழயே இருந்துடுங்க. கேட் பக்கத்துல நாற்காலி போடச் சொல்றேன். டீ கொண்டுவந்து குடுப்பாங்க."

"அப்ப நான் எப்படி தம்பி இறங்கிப் பழகறது?"

"அதான் ஏற்கெனவே கீழ இருக்கீங்களே. அப்புறம் எதுக்கு இறங்கணும்?"

பக்கத்து மேஜையில் துணி தேய்க்கும் ஆளுக்கு இஸ்திரி என்றே பெயர். அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அக்காவுக்கு யோகம்டா! தீ கிளம்பறதுக்கு முன்னாடியே தப்பிச்சுட்டாங்க."

யாருக்கும் பாரமாக இருக்க வேண்டாமே என்று அவளும் ஒத்துக்கொண்டாள். அந்த வருஷமே கேடயம் நாலாம் மாடிக்கு வந்தது. அடுத்த வருஷமும் வந்தது. இறங்கியதும் சூப்பர்வைசர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சரிபார்ப்பார். "பட்டன் அக்கா?" என்றால், "கீழதான் இருக்காங்க!" என்று மொத்தக் கூட்டமும் ஒரே குரலில் சொல்லிச் சிரிக்கும். அவளும் டீ டம்ளரை உயர்த்திக் காட்டுவாள்.

ஒரு நாள் தீ, யாரிடமும் அனுமதி வாங்காமல் வந்துவிட்டது. மூன்றாம் மாடியில் கழிவுத்துணி போடும் அறையில் பிடித்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் மெஷினில் உட்கார்ந்த நேரம். மணி அடித்தது.

யாரும் எழுந்திருக்கவில்லை. "இன்னைக்கு ஒத்திகை இல்லையே?" என்றாள் ஒருத்தி, காலரைத் தைத்துக்கொண்டே. "மணி ரிப்பேரா இருக்கும்" என்றான் இன்னொருவன். எல்லோரும் சூப்பர்வைசரைப் பார்த்தார்கள். அவர் போனை எடுத்துப் பாதுகாப்பு அதிகாரியைக் கேட்டார். அதிகாரி வேறு யாரையோ கேட்டார். மணி தன்பாட்டுக்குத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது.

இஸ்திரிதான் மூக்கைச் சுளித்தான். "டேய், கருகற வாடை அடிக்குது. இது என் பெட்டியிலேர்ந்து வரல!"

அப்புறம் கேட்க வேண்டுமா? பின்பக்கம் இன்னொரு மாடிப்படி இருந்தது. ஆனால் தினமும் ஏறி வந்த வழி முன்பக்கம் என்பதால் எல்லோரும் முன்பக்கமே முட்டினார்கள். ஒருத்தி சாப்பாட்டு டப்பாவை எடுக்கத் திரும்பி ஓடினாள். ஒருவன் போன் சார்ஜரைத் தேடினான்.

அக்கா படியோரம் வந்து ஒரு காலை வைத்தாள். திரும்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் பெட்டிகள், பின்னால் வெளிறிப்போன முகங்கள். வைத்த காலை எடுத்துவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினாள்.

"போங்க, போங்க. நான் முன்னாடி போனா எல்லாருக்கும் லேட்டு."

ஒத்திகை அவளுக்குக் கற்றுக்கொடுத்த ஒரே பாடம் அதுதான். "அக்கா, சீக்கிரம் வாங்க" என்று பாசத்தோடு சொன்னவர்களும் சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார்கள்.

மாடி காலியானது. புகை மேலே வந்தது. தான் சரிபார்த்த சட்டை ஒன்றைத் தண்ணீரில் நனைத்து மூக்கோடு சேர்த்துக் கட்டினாள். படியில் உட்கார்ந்தாள். நடக்கத் தெரியாத குழந்தை மாதிரி, உட்கார்ந்த வாக்கிலேயே ஒவ்வொரு படியாக நழுவி இறங்கினாள். மூன்றாம் மாடிக் கதவை எந்தப் புண்ணியவானோ சாத்திவிட்டுப் போயிருந்தான். அவள் அந்த இடத்தை உயிரோடு கடந்தது அதனால்தான். படிக்கு ஒரு தரம் ஆண்டவனைக் கூப்பிட அன்று மூச்சு இல்லை. கூப்பிடாமலே வர வேண்டிய பொறுப்பு அவருடையதாயிற்று.

கீழே சூப்பர்வைசர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். "பட்டன் அக்கா?"

"கீழதான் இருக்காங்க!" என்றது கூட்டம், வாய்ப்பழக்கத்தில்.

சூப்பர்வைசரும் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அதிகாரி முதலாளிக்குப் போன் போட்டார். "எல்லாரும் பத்திரம் சார். எல்லாம் நம்ம ஒத்திகையோட பலன்."

இஸ்திரி இருமிக்கொண்டே போய், அக்காவின் நாற்காலியில் கொஞ்சம் உட்காரலாம் என்று கேட் பக்கம் பார்த்தான். நாற்காலி இல்லை. ஒத்திகை நாளில்தானே போடுவார்கள்?

"டேய், இன்னைக்கு அக்காவ யாருடா கீழ கூட்டிட்டு வந்தது?"

கூட்டம் நிமிர்ந்து நாலாம் மாடியைப் பார்த்தது. காவலாளி பிடிப்பதற்குள் இஸ்திரி உள்ளே ஓடிவிட்டான்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவளைக் கண்டான். "என்னக்கா, உக்காந்துட்டீங்க?"

"நிக்கறதுக்குத்தான் தம்பி சம்பளம் தர்றாங்க. இறங்கறதுக்கு உக்கார வேண்டியிருக்கு."

அவன் பெட்டிகளைக் காலால் உதைத்தான். வருஷக்கணக்காக நகராத பெட்டிகள் ஒரே உதையில் உருண்டன. இரண்டு பேர் சேர்ந்து இறங்க இடம் கிடைத்தது. அவளைத் தோளோடு அணைத்துக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

சூப்பர்வைசர் அழுதேவிட்டார். "மன்னிச்சுடுங்க அக்கா. நீங்க கீழ இருக்கீங்கன்னு நெனச்சுட்டேன்."

"இப்பதான் தம்பி வந்தேன். மறுபடியும் கூப்பிடுங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பட்டன் அக்கா?" என்று கூப்பிட்டார். "இருக்கேன்" என்றாள் அவள், தன் வாயாலேயே.

அதிகாரி ஓரமாகப் போய் மறுபடியும் போன் போட்டார். "சார், ஒரு சின்னத் திருத்தம்..."

"அப்படியே இதையும் சொல்லிடுங்க சார்," என்றாள் அக்கா இருமிக்கொண்டே. "அடுத்த ஒத்திகைக்கு நான் மேலேர்ந்துதான் இறங்குவேன். எவ்வளவு நேரமானாலும் சரி."

அதிகாரி போனைக் கையால் பொத்திக்கொண்டார். "கேடயம் போயிடுமேம்மா?"

"போகட்டும் சார்," என்றான் இஸ்திரி. "அதுக்கு முட்டி நல்லாத்தானே இருக்கு."