மெயின் சுவிட்சும் என் கம்பைலரும்

கண்டிக்குப் பக்கத்து அக்குறணையில் மச்சானின் துணிக்கடைக்கு மேல்மாடியில் நான் இருந்தேன். அவர் என் ராத்தாவை, மூத்த சகோதரியை, மணம் முடித்தவர். அவர் மீது எனக்கிருந்த வெறுப்பை மறைத்து எழுதப் போவதில்லை. மாடிப்படி கடைக்குள்ளேதான், மாடிக்கும் கடைக்கும் ஒரே மெயின் சுவிட்ச். வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆத் தொழுகைக்குத் தெருவே கடை சாத்தும். மச்சான் ஷட்டரை இறக்குமுன் மெயினையும் அணைப்பார். துணி எரிந்துவிடும் என்று பயம்.

கண்டியில் ஒரு கம்பனி எனக்கு வேலை தருவதாக இருந்தது. உள்ளங்கை அளவு சர்க்கிட் போர்டு ஒன்றைத் தந்து, அதில் ஓடும் புரோகிராமை என் டெஸ்க்டொப்பில் உருவாக்கிக் கொண்டுவரச் சொன்னார்கள். போர்டின் சில்லு என் மெஷினின் சில்லிலிருந்து வேறு ஜாதி. எழுதிய நிரலை அந்தச் சில்லுக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலரை இணையத்திலிருந்து ஆயத்தமாக இறக்கக் கூடாது, மூலநிரலிலிருந்து நானே கட்ட வேண்டும் என்பது நிபந்தனை. முதலில் துண்டுகளை இணைக்கும் லிங்கர், பிறகு அரைகுறைக் கம்பைலர், அதை வைத்து சி மொழி நூலகம், நூலகத்தை வைத்து முழுக் கம்பைலர். என் கிழட்டு மெஷினுக்கு அது ஒரு பகல் வேலை. இந்த உத்தியோகம் கிடைத்தால்தான் அந்த மாடியிலிருந்து எனக்கு விடுதலை.

முதல் வெள்ளி, "இண்டைக்கு மட்டும் மெயின ஓஃப் பண்ண வாணாம் மச்சான்" என்று கெஞ்சினேன். சரியென்று தலையாட்டினார். பள்ளிவாசலில் தோளோடு தோள் உரச நின்று தொழுதோம். திரும்பி வந்தால் மெயின் அணைக்கப்பட்டு, திரை கறுத்துக் கிடந்தது.

"விட்ட எடத்திலேந்து தொடங்கேன். வானமா இடிஞ்சிட்டு?" என்றார்.

நானும் முட்டாள்தனமாக அப்படியே செய்தேன். கரண்ட் போன நொடியில் பாதியில் நின்ற கோப்புகளையெல்லாம், முடிந்தவை என்று எண்ணி மெஷின் தாண்டிப் போயிற்று. ஒரு பிழையைத் திருத்தினால் இன்னொன்று கிளம்பியது. வாரம் முழுக்க மண்டை காய்ந்து, வியாழன் நள்ளிரவில் எல்லாவற்றையும் அழித்தேன். சனிக்கிழமை கம்பனியில் காட்டியாக வேண்டும் என்ற நிலையில், வெள்ளி விடியுமுன் முதலிலிருந்து தொடங்கினேன்.

தொழுகைக்கு அழைக்கும் பாங்கு நேரம் நெருங்கியதும் மெயின் பெட்டிக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்தேன். நோயில்லாமல் நான் விட்ட முதல் ஜும்ஆ அது.

"எழும்பு. பள்ளிக்கு வா."

"வரல்ல."

"ஜும்ஆவ உட்டுட்டு பொட்டியக் காவல் காக்கிறியா? வெக்கமில்லயா ஒனக்கு?"

"நீங்க மெயின்ல கைய வெக்காட்டி நானும் வந்திருப்பேன்."

அவர் முகம் சிவந்தது. சுவிட்சைத் தொடவில்லை. வெளியே போய் ஷட்டரை இறக்கினார். பூட்டு விழும் சத்தம் கேட்டது.

மேலே போய்த் திரையையே முறைத்துக்கொண்டிருந்தேன். கடைசி வரிகள் ஓடி, பிழையில்லாமல் நின்றன. சின்னப் புரோகிராம் ஒன்றைக் கம்பைல் செய்து போர்டில் ஏற்றினேன். சிவப்பு விளக்கு மின்னியது. வாய்விட்டுச் சிரித்தேன், கேட்க ஆளில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. துணிக்குப் பயந்து வாராவாரம் மெயினை அணைத்த மனிதர், இன்று அதைப் போட்டபடியே விட்டு, என்னையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருந்தார். தீப்பிடித்தால் நான் வெளியேற வழியே இல்லை.

அவர் வந்து ஷட்டரைத் தூக்கியபோது, போர்டையும் உடுப்பையும் பையில் திணித்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.

"முடிஞ்சா?" என்று கேட்டார். கேட்கும்போதே அவர் கண் என்னைத் தாண்டி, துணி அடுக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் தெருவில் இறங்கிக் கண்டி பஸ்ஸில் ஏறினேன்.