படத்தை மறைத்து நிற்பவர்

படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார் ஆல்டரேஷன் அக்கா. கல்லூரி அருங்காட்சியகத்துக்கு மற்றவர்கள் படம் பார்க்க வருவார்கள்; இவர் மறைக்க வருகிறார். யாராவது எட்டிப் பார்த்தால் தோள்பையை அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டு, "அடுத்த ரூம்ல இதைவிட நல்ல படமெல்லாம் இருக்குங்க" என்பார். அங்கே வேலை செய்பவர் என்று நினைத்துப் பலர் நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

கல்லூரி வாசலுக்கு எதிரே அவர் கடை. பேன்ட் நீளம் குறைப்பது, இடுப்பைப் பிரித்துவிடுவது, ஜிப் மாற்றுவது. கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கும் நானும் வாடிக்கைதான். ஆளின் முகத்தைப் பார்க்குமுன் சட்டைத் தையலைப் பார்ப்பார். "இதைத் தச்சவன் யார் மேலயோ கோவத்துல இருந்திருக்கான்."

படம் அவர் மகள் இங்கே படித்தபோது செய்தது. மீமெய்வாத (சர்ரியலிச) அச்சுப்படம் என்கிறது கீழே உள்ள அட்டை. கடல்மேல் ஒரு வீடு மிதக்கிறது. வாசலில் ஒரு பெண். கழுத்துக்கு மேல் தலை இல்லை, தையல் மெஷின். மடியில் ஒரு சிறுமி. சிறுமியின் வாய் மட்டும் அச்சல்ல. நிஜமான சிவப்பு நூலால் காகிதத்தோடு சேர்த்துத் தைத்தது.

முதன்முதலாக அதை மாட்டிய அன்று அக்கா அக்கம்பக்கத்தாரையெல்லாம் கூட்டிக்கொண்டு போனாராம். எல்லாரும் கைதட்டினார்கள். இவருக்குத் தலை நிமிரவில்லை.

மகள் சின்ன வயதில் ஓயாமல் பேசுவாள். வாடிக்கையாளர் முன்னால் பேச்சு நீண்டால், "வாயைத் தச்சுடுவேன்" என்று மிரட்டுவார். ஒருநாள் மிரட்டலோடு நிற்கவில்லை. ஊசியை அவள் உதட்டில் வைத்து அழுத்திவிட்டார். அதன்பின் அவள் கடையில் வாய் திறக்கவில்லை. "அடக்கமான பொண்ணுன்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்குப் பெருமையா இருந்துச்சுங்க" என்றார் என்னிடம், மெஷினிலிருந்து கண்ணை எடுக்காமல். மகள் இப்போது வேறு ஊரில். போனில் சாப்பாட்டு விசாரிப்போடு பேச்சு முடிந்துவிடும்.

போன வாரம் நானும் அங்கே இருந்தபோது பள்ளிப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஒரு சிறுமி அக்காவின் கைக்கடியில் நுழைந்து படத்தைப் பார்த்துவிட்டாள்.

"இந்தப் பாப்பா வாயை யார் ஆன்ட்டி தச்சது?"

அடுத்த அறையைக் காட்டுவார் என்றுதான் நினைத்தேன்.

"நான்தாம்மா."

"அவளுக்கு வலிச்சுதா?"

டீச்சர் வந்து சிறுமியை இழுத்துக்கொண்டு போனார். அக்கா திரும்பிப் படத்தைப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிருந்தது. "நான் கேக்கவே இல்லையே" என்றார்.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து மகளுக்குப் போன் போட்டார். துணைக்கு நானும் சற்றுத் தள்ளி உட்கார்ந்தேன். சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. "அந்தப் படத்தைப் பத்திச் சொல்லும்மா" என்றார்.

போனில் மகளின் குரல் தயங்கித் தயங்கி ஆரம்பித்தது. பதில் சொல்ல உடனே வாயெடுத்தார் அக்கா. சட்டென்று இடது உள்ளங்கையால் தன் வாயை அழுத்திப் பொத்திக்கொண்டு கேட்கத் தொடங்கினார்.