வாத்தியார்களுக்கு வகுப்பெடுத்த சனிக்கிழமைகள்

பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பது எவ்வளவு சுகமான வேலை என்பது, பாடம் எடுக்கிறவர்களுக்குப் பாடம் எடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கூட வேலை பார்க்கிறவர்களுக்கு எதையாவது சொல்லிக்கொடுக்கப் போய் முழித்தவர் நீங்கள் என்றால், என் பாடு உங்களுக்குப் புரியும்.

எண்பதுகளின் நடுவில், தருமபுரிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் புவியியல் எடுத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன் கணவரோடு ஜாம்பியாவில் நாலு வருஷம் டீச்சராக இருந்தவள். அந்த வருஷம் கென்யாவிலிருந்தும் சூடானிலிருந்தும் ஒன்பது மாணவர்கள் எங்கள் கல்லூரியில் சேர்ந்தார்கள். பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டார். "ஸ்டெல்லா மேடம், வெளிநாடு பாத்தவங்க நீங்க ஒருத்தர்தான். அந்தப் பிள்ளைங்ககிட்ட எப்படி நடந்துக்கறது, பாடத்துல நாலு நாட்டுச் சங்கதிய எப்படிச் சேக்கறதுன்னு நம்ம ஸ்டாஃபுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் சொல்லிக்குடுங்க" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

முதல் சனிக்கிழமை

இருபத்துமூன்று பேர் வந்தார்கள். போண்டாவும் டீயும் உண்டு என்று நோட்டீஸ் போர்டில் எழுதியிருந்தது. சிலபஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறது, அதில் நாம் கை வைக்க முடியாது. ஆனால் வகுப்பில் சொல்கிற உதாரணமும், அசைன்மெண்டும், மாதத் தேர்வுக் கேள்வியும் நம் கையில்தானே இருக்கிறது, அதில் மற்ற நாடுகளைக் கொண்டுவரலாம் என்று ஆரம்பித்தேன். ஒரு மணி நேரம் பேசினேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள்.

முடித்ததும் பொருளியல் முத்துசாமி எழுந்தார். கம்பைநல்லூர்க்காரர். ஊரில் கிணற்றுப் பாசனத்தில் பூமி வைத்திருந்தவர், பதினைந்து வருஷ சர்வீஸ். கோபமே இல்லாமல் கேட்டார்: "ஒம்போது பேரு நம்மளப் புரிஞ்சிக்கிட்டா முடிஞ்சிதுங்களே மேடம், அதுக்கு எதுக்குங்க இருவத்திமூணு பேரு மாறணும்?"

அட்டெண்டன்ஸ்

கென்யாவிலிருந்து வந்த பெண்ணின் பெயர் வஞ்சிரு. முத்துசாமி வாயில் அது முதல் நாளே வஞ்சிரம் ஆகிவிட்டது. வகுப்பு சிரிக்கும். அவளும் காரணம் தெரியாமல் கூடவே சிரித்தாள். வஞ்சிரம் என்றால் மீன் என்று ஹாஸ்டலில் யாரோ சொன்ன அன்றைக்குத்தான் சிரிப்பதை நிறுத்தினாள்.

அடுத்த சனிக்கிழமை நான் யாரையும் குறை சொல்லவில்லை. "ஒன்பது பேரிடமும் போய்ப் பெயருக்கு என்ன அர்த்தம், யார் வைத்தது என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று மட்டும் சொன்னேன். முத்துசாமியும் கேட்டிருக்கிறார். திரும்பி வந்தவர் நேராக என் மேஜைக்கு வந்தார். வஞ்சிரு சொன்னதை அப்படியே சொன்னார்: "அது என் பாட்டியின் பெயர் சார். அவர் கடலையே பார்த்ததில்லை."

பரிசல்

டிசம்பர் லீவுக்கு முன் எல்லாரையும் பஸ்ஸில் ஒகேனக்கல் கூட்டிப் போனோம். பரிசலில் முத்துசாமி, வஞ்சிரு, சூடான் பையன் இத்ரிஸ், நான். "நீங்க ரெண்டு பேரும் உங்க பாஷையில தாராளமாப் பேசுங்க, எங்களுக்காக இங்கிலீஷ் வேண்டாம்" என்றார் முத்துசாமி பெருந்தன்மையாக. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எங்கள் இரண்டு ஊருக்கும் பொதுவாக இருப்பது இங்கிலீஷ்தான் சார் என்றாள் வஞ்சிரு. ஆப்பிரிக்கா என்றால் ஒரே பாஷை இல்லையா என்று அவர் ஆச்சரியத்தில் முன்னால் சாய, பரிசல் ஒரு பக்கமாக இறங்கியது. பரிசல்காரர் துடுப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "எந்த பாஷ வேணாலும் பேசுங்க சாமி, குந்துன எடத்துலருந்து மட்டும் அசையாதீங்க."

டி.சி. கேட்டு வந்தவன்

ஜனவரியில் இத்ரிஸ் என் மேஜைக்கு ஒரு கடிதத்தோடு வந்தான். டி.சி. வேண்டும், ஊருக்குத் திரும்பிப் போகிறேன் என்று எழுதியிருந்தான். சாப்பாடு பிடிக்கவில்லையா, யாராவது ஏதாவது சொன்னார்களா என்று வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்றான். எல்லாரும் நல்லவர்கள் என்றான்.

பிறகு மெதுவாக வந்தது. ஜூலையில் சேர்ந்ததிலிருந்து எந்த வகுப்பிலும் ஒருவர்கூட அவனை ஒரு கேள்வி கேட்டதில்லை. பாவம், வெளிநாட்டுப் பையன், எழுப்பிவிட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று எல்லாருமே அவனைத் தாண்டிப் போயிருக்கிறோம். எல்லாருமே என்றால் நானும்தான். அவன் இருந்த வகுப்புக்கு வாரத்துக்கு நாலு மணி நேரம் புவியியல் எடுத்தவள் நான். சனிக்கிழமை தோறும் மற்றவர்களுக்கு உபதேசம் செய்தவளும் நான். அவன் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "பக்கத்தில் இருப்பவனை நீங்கள் தினமும் திட்டுகிறீர்கள் மேடம். என்னை யாரும் திட்டுவதில்லை. விருந்தாளியைத்தானே திட்ட மாட்டார்கள்?"

பருத்தி

ஒரு வாரம் பொறுக்கச் சொல்லிக் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். அந்தச் சனிக்கிழமை வகுப்பு எடுக்கவில்லை. இத்ரிஸ் சொன்னதைச் சொல்லி, அவனை நானும் ஒரு கேள்வி கேட்டதில்லை என்றும் சொன்னேன். தட்டில் போண்டா ஆறிப்போனது.

திங்கட்கிழமை முத்துசாமி வகுப்பில் குத்தகை முறை பாடம். இத்ரிஸ் அசைன்மெண்ட் வைக்கவில்லை. "ஏம்ப்பா, ஊரு விட்டு ஊரு வந்தது பெஞ்சத் தேய்க்கவா? எந்திரி, குத்தகைன்னா என்னன்னு சொல்லு" என்று தமிழிலேயே ஒரு சத்தம் போட்டு, பிறகு ஆங்கிலத்திலும் போட்டாராம். இத்ரிஸ் எழுந்தான். அவன் அப்பா வாய்க்கால் பாசனத்தில் பருத்தி போடுகிற குத்தகை விவசாயி. பருத்தியைச் சர்க்கார் எப்படி எடுத்துக்கொள்கிறது, வாய்க்காலில் தண்ணீர் வராத வருஷம் என்ன ஆகும் என்று சொல்ல ஆரம்பித்தான். முத்துசாமிக்குப் பாடம் மறந்துபோனது. தண்ணி முறை எப்படி, பூச்சி விழுந்தால் யார் பொறுப்பு, களை எடுக்க ஆள் கிடைக்குமா என்று பெல் அடித்த பிறகும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

மறுநாள் இத்ரிஸ் வந்து கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டான். அந்த மாதத் தேர்வுக்கு முத்துசாமி முன்கூட்டியே சொல்லிவைத்த கேள்வி: உங்கள் ஊர்க் குத்தகையையும் சூடான் பருத்திக் குத்தகையையும் ஒப்பிடுக. சிலபஸில் இல்லாத கேள்வி என்று பிரின்சிபாலிடம் புகார் போனது. "மாதத் தேர்வு நம்ம கையிலதானுங்க இருக்குது" என்று என் வாக்கியத்தையே சொல்லிச் சமாளித்தார். தேர்வுக்கு முதல் நாள் ஹாஸ்டலில் இத்ரிஸ் அறையில் நிற்க இடம் இல்லையாம். விடைத்தாள் கட்டோடு முத்துசாமி என்னிடம் வந்து உட்கார்ந்தார்: "மொத்தப் பேரும் ஒரே மாதிரி எழுதியிருக்கானுங்க மேடம், எல்லாம் அவன் சொல்லிக்குடுத்தது. இதுல யாரு காப்பியடிச்சான்னுங்க மார்க்கு வெட்றது?"

நாகரத்தினா

இதையெல்லாம் பார்த்து எனக்கும் தைரியம் வந்தது. ஒவ்வொருவரும் தன் ஊர் மண்ணையும் மழையையும் பற்றி, எந்த மொழியில் வருகிறதோ அதில் எழுதலாம் என்று என் வகுப்பில் சொன்னேன். வெளிநாட்டுப் பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் சொன்னேன். கடைசி வரிசை நாகரத்தினா கொடுத்த நோட்டைத் திறந்தால், எல்லாம் தெலுங்கு எழுத்து. முன் பக்கங்களைப் புரட்டினேன். ஜூலையிலிருந்து நான் நடத்திய பாடங்கள், நான் தமிழில் விளக்கியதெல்லாம்கூட, காதில் விழுந்தபடி தெலுங்கு எழுத்தில் இருந்தன.

மாரண்டஹள்ளிப் பெண். வீட்டில் தெலுங்கு. ஓசூர்ப் பக்கம் மாமா வீட்டில் தங்கித் தெலுங்கு மீடியத்தில் படித்தவள். தமிழ் பேச வரும், எழுதப் படிக்க வராது. போர்டில் நான் தமிழில் எழுதிப் போட்டதெல்லாம் அவளுக்குக் கோடுகள்தான். ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். முகத்தில் வருத்தம் எதுவும் காட்டாமல் சொன்னாள்: "ஒம்போது பேரத்தானுங்க மேடம் கூப்ட்டு விசாரிச்சீங்க. மாரண்டஹள்ளி கிட்டத்துல இருக்குதுல்லங்க, அதான் கேக்கலைன்னு நெனச்சிக்கிட்டேன்."

மூன்று வருஷம் அந்தச் சனிக்கிழமை வகுப்பை நடத்தினேன். வருஷக் கடைசியில் எத்தனை ஸ்டாஃப் தேறினார்கள் என்று ரிப்போர்ட் கேட்பார்களே ஒழிய, வகுப்பெடுத்தவள் தேறினாளா என்று நல்லவேளையாக யாரும் கேட்டதில்லை.