நடுங்காதவர் என்று பொருள்

துவாக்குடிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருந்தேன். சேர்ந்த அன்றே என் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை வாங்கித் தாளாளர் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். எல்லா ஆசிரியர்களுக்கும் அதே கதிதான். பிறகு ஸ்ரீரங்கத்தில் என் வீட்டருகே உள்ள பள்ளியில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை ஒரிஜினலோடு வரச் சொன்னார்கள். தாளாளரிடம் கேட்கப் பயந்து வெள்ளிக்கிழமை வரை தள்ளிப்போட்டேன்.

அன்று ஒன்பதாம் வகுப்பில் ‘இன்ட்ரெபிட்’ என்ற சொல் வந்தது. அஞ்சாத, துணிச்சலான என்று போர்டில் எழுதினேன். ஆபத்தான இடங்களுக்குப் பயணம் போகிறவர்களைத்தான் பெரும்பாலும் இப்படிச் சொல்வார்கள் என்றேன். லத்தீன் மூலத்தில் ‘நடுங்காத’ என்று பொருள் என்பதையும் சொன்னேன்.

முன்பெஞ்சுப் பெண் எழுந்தாள். “மிஸ், எங்கம்மா தனியா சவுதிக்குப் போய் வேலை பாக்குறாங்க. அவங்களச் சொல்லலாமா?”

“தாராளமா சொல்லலாம்.”

“ஆனா ஏர்போர்ட்ல அம்மாவுக்குக் கையெல்லாம் நடுங்குச்சு மிஸ்.”

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

“நடுங்கிக்கிட்டே போனாங்கல்ல? சொல்லலாம்மா” என்றேன். அகராதி ஒத்துக்கொள்ளுமா என்று யோசிக்கவில்லை.

மாலை மணி அடித்ததும் தாளாளர் அறைக்குப் போய், வேறு வேலை கிடைத்திருப்பதைச் சொல்லி சர்டிபிகேட்டுகளைக் கேட்டேன்.

“வருஷ நடுவுல விட முடியாதும்மா. பரிட்சை முடியட்டும், பாக்கலாம்” என்றார் போனிலிருந்து தலை தூக்காமல்.

“எனக்கு இப்பவே வேணும் சார். அது என்னோடது.”

குரல் உடைந்தது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார், கோபப்படவில்லை. “உக்காருங்க. டீ சாப்பிடுறீங்களா?” என்றார். திட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பேன்.

டீயைத் தொடாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவர் எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டு கிளம்பிப் போனார். ஜன்னல்களைச் சாத்திய ஆயா, “பூட்டணும் மிஸ்” என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். எழுந்து வெளியே வந்தேன்.

திங்கட்கிழமை சாயங்காலம்தான் ஸ்ரீரங்கம் பள்ளிக்குப் போன் செய்து, கொஞ்சம் அவகாசம் கேட்டேன். “சாரி மேடம், வேற ஆள் போட்டுட்டோம்” என்றார்கள்.

முழுப் பரீட்சை முடிந்த பிறகு தாளாளர் என்னைக் கூப்பிட்டு, சிரித்த முகத்தோடு சர்டிபிகேட் கவரைக் கொடுத்தார். காவிரிப் பாலத்தில் பஸ் நெரிசலில் நின்றபோது கவரைப் பிரித்து எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தன. எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.